ராயபுரம் பக்கத்து கேபிள் இணைப்பு: படம் சுத்தம், பில்தான் கலங்கல்

ராயபுரம், காசிமேடு தெருக்களில் லைன் ஓட்டும் ஒரு லோக்கல் ஆபரேட்டர், பெயர் வேண்டாம். தெருமுனையில் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி (நோடு) வரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்கு ஆர்ஜி-6 என்ற சாதாரண டிவி கேபிள் வயர். படத்தில் குறையில்லை. குறையெல்லாம் காகிதத்தில்.

விண்ணப்பத்தில் 'சந்தாதாரர்' என்ற இடத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள், விளக்கம் சொல்வதில்லை. 1995 கேபிள் டிவி சட்டத்தின் 2-ஆம் பிரிவுப்படி, சந்தாதாரர் என்றால் தான் காட்டிய இடத்தில் சிக்னலைப் பெற்று, அதை வேறு யாருக்கும் அனுப்பாதவர். செட்-டாப் பாக்ஸின் ஏவி அவுட்டில் (படமும் ஒலியும் வெளியே வரும் துளை) இருந்து மாடி வீட்டு டிவிக்கு ஒரு வயர் இழுத்தால் அந்த விளக்கத்தைத் தாண்டிவிட்டோம். வடசென்னையில் ஒரே வளாகத்தில் பல குடும்பங்கள் குடியிருக்கும் ஸ்டோர் வீடுகளில் இது சகஜம் என்பது வேறு கதை.

அதே பிரிவில் 'கேபிள் சேவை' என்றால் நிகழ்ச்சிகளைக் கேபிள் வழியே அனுப்புவது. இன்டர்நெட் அதில் வராது. அதற்குத் தனி உரிமம், தனி விதிகள். இவர்களோ 'கேபிள் + நெட்' என்று ஒரே வரியில் ஒரே தொகை போடுகிறார்கள். நெட் படுத்தால் எதற்கு எவ்வளவு கழிப்பது? டிவி பில்லில் நெட்வொர்க் கட்டணம் (இணைப்புக்கான அடிப்படைத் தொகை), பாக்ஸ் வாடகை, பே சேனல் (காசு கொடுத்துப் பார்க்கும் சேனல்), வரி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். "200 சேனலுக்கு 130 ரூபாய்தானே?" என்று மட்டும் சண்டை போடாதீர்கள். நெட்வொர்க் கட்டணத்துக்கான அந்த உச்சவரம்பை ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஜூலையில் எடுத்துவிட்டது.

சர்வீஸுக்குக் கூப்பிடும் முன் ஒன்று பாருங்கள். சந்தா இல்லை என்று திரையில் எழுத்து வந்தால் அது ஆக்டிவேஷன் சிக்கல், வயரைத் தொட வேண்டாம். சில சேனல் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தால் பெரும்பாலும் வயர்தான். பழுதான வயரில் பொதுவாக உயர் அலைவரிசைகள்தான் முதலில் அடிவாங்கும். கடற்காற்றில் எஃப் கனெக்டர் (வயர் நுனியில் திருகி மாட்டும் உலோக முனை) சீக்கிரம் கெடும். கழற்றினால் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள உலோக இழைப் பின்னலில் வெள்ளைப் பொடி, நடுக்கம்பியில் பச்சை. நல்ல வயர் தெரியும் வரை வெட்டி, புது கம்ப்ரஷன் கனெக்டர் (தனிக் கருவியால் அழுத்திப் பொருத்துவது) போடச் சொல்லுங்கள். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி 3 மி.மீ. அளவு நீட்டினால் போதும். பின்னலின் ஒரு இழை அதில் பட்டாலும் ஷார்ட். லைன்மேன் கொறடால் நசுக்கும் பழைய கனெக்டர் வேண்டாம், தண்ணீர் உள்ளே போகும். சுவருக்குள் நுழையும் முன் வயரைத் தொங்கலாக ஒரு வளைவு விடச் சொல்லுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

டிவிக்கு மட்டும் தாராளமாக வாங்கலாம். நெட், பில்லைப் பிரித்துக் கொடுத்த பிறகு.