தப்பு எப்போது தெரியும்? முதல் கேமராவாக டிஜிட்டலா, பிலிமா

முதன்முதலாக நான் பிலிம் மாட்டி எடுத்த ரோலில் ஒரு படம்கூட இல்லை. 36 கிளிக். ஒவ்வொன்றுக்கும் முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கழுவி வந்த கறுப்பு வெள்ளைச் சுருள் முனையிலிருந்து முனை வரை கண்ணாடி மாதிரி இருந்தது. ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்கள் மட்டும் 1 முதல் 36 வரை வரிசையாகத் தெரிந்தன. பிலிமின் நாக்கு எதிர்ப்பக்கச் சுருளியில் சிக்கவே இல்லை. நான் லீவரை இழுத்தபோதெல்லாம் வெறும் சுருளி சுற்றியிருக்கிறது. இடது பக்கத்து ரீவைண்ட் குமிழும் கூடவே சுழல்கிறதா என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் முதல் நிமிடமே விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரிந்தது மூன்று வாரம் கழித்து.

பிலிமா, டிஜிட்டலா என்ற பேச்சு வந்தாலே நிறம், தெளிவு, 'அந்த லுக்' என்று வாதம் கிளம்பிவிடும். புதிதாகக் கற்பவருக்கு அதெல்லாம் பிறகு. தப்பு செய்வதற்கும் அது தப்பு என்று தெரிவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஓடுகிற குழந்தையை 1/30 நொடியில் எடுத்தால் படம் இழுபடும். டிஜிட்டலில் திரையைப் பார்த்ததும் தெரிகிறது. 1/500க்கு மாற்றி மறுபடி எடுக்கலாம், குழந்தை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஷட்டர் வேகம், அபர்ச்சர் (லென்ஸ் திறந்திருக்கும் அளவு), ஐஎஸ்ஓ (ஒளியை எவ்வளவு உணரும் என்பதற்கான எண்) மூன்றும் படத்தோடு கோப்பிலேயே பதிவாகிவிடுவதால் ஒரு வருடம் கழித்தும் திறந்து பார்க்கலாம். பிலிமில் நெகடிவ் கைக்கு வரும்போது அன்றைக்கு என்ன வைத்தோம் என்பதே மறந்திருக்கும். அந்தக் காலத்தில் கற்றவர்கள் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் எண் போட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த நோட்டு இல்லாமல் பிலிமில் கற்கப்போகிறேன் என்பவருக்குப் பொறுமை வரலாம், பாடம் வராது.

வெளிச்சத்தில் இரண்டும் நேர் எதிர். கலர் நெகடிவ் பிலிமுக்கு ஒளி கூடிப்போனால் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பது அல்லது பாதியாவது), சில நேரம் மூன்று ஸ்டாப் வரைகூடப் பொறுத்துக்கொள்ளும். குறைந்துபோனால் நிழல் பகுதி சேறு மாதிரி ஆகிவிடும். டிஜிட்டல் சென்சாரில் வெளிச்சப் பகுதி ஒருமுறை வெந்து வெள்ளையாகிவிட்டால் அங்கே மீட்க எதுவும் இருக்காது. நிழலையோ ரா கோப்பிலிருந்து (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) நிறையவே தூக்கிவிடலாம். அதனால் பிலிமில் நிழலைப் பார்த்து அளக்கும் பழக்கம், டிஜிட்டலில் வானத்தையும் வெள்ளைச் சட்டையையும் காப்பாற்றும் பழக்கம். முதலில் எதைப் பழகுகிறீர்களோ அது கையில் ஒட்டிக்கொள்ளும். மாறும்போது சில நாள் படம் கெடும். ஸ்லைடு பிலிம், அதாவது நெகடிவாக இல்லாமல் நேர்ப்படமாகவே வரும் பிலிம், இந்தக் கணக்கில் சேராது. அரை ஸ்டாப் பிசகினாலே காட்டிக்கொடுத்துவிடும். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

அப்புறம் ஐஎஸ்ஓ. 200 பிலிம் மாட்டினால் 36 படமும் 200தான். நல்ல வெயிலில் அபர்ச்சர் எஃப் 16, ஷட்டர் 1/250 என்று ஒளியளக்கும் மீட்டரே இல்லாமல் எடுக்கலாம். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் எஃப் 2 வரை திறக்கிற லென்ஸிலும் ஷட்டர் வேகம் 1/30 பக்கத்தில் வந்து நிற்கும், கை ஆடும். டிஜிட்டலில் ஒரு சக்கரத்தைத் திருப்பி 3200க்குப் போய்விடுவீர்கள்.

செலவுக் கணக்கில் ஏமாறுபவர்கள் அதிகம். பழைய பிலிம் கேமரா சல்லிசாகக் கிடைக்கலாம். ஆனால் ஒவ்வொரு கிளிக்குக்கும் பிலிம், கழுவுதல், ஸ்கேன் என்று மூன்று செலவு. டிஜிட்டலில் சுமை முழுவதும் முதல் நாளில். அதன்பின் கிளிக்குக்குக் காசில்லை. கை பழக ஆயிரம் மோசமான படமாவது எடுத்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பிலிமில் அது 28 ரோல்.

கேமராவின் நிலைமை வேறு. பல காலம் மாணவர் கேமரா என்று பெயரெடுத்த பென்டாக்ஸ் கே1000 1976இல் வந்தது, 1997இல் நின்றது. இன்று கிடைப்பதெல்லாம் யாரோ பயன்படுத்தியதுதான். பின்கதவு ஓரத்து நுரைப் பட்டை பிசுபிசுத்து உதிர்ந்திருந்தால் வெளிச்சம் கசியும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி பூஞ்சை தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சில பழைய கேமராக்களின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது, இப்போதைய 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் அளவு பிசகும். கற்பவருக்கு இதில் ஒரு கொடுமை உண்டு: படம் கெட்டது தன்னாலா, கேமராவாலா என்று தெரியாது. புதிதாகவே வேண்டுமென்றால் 2024இல் வந்த பென்டாக்ஸ் 17 இருக்கிறது. அரை ஃபிரேம், அதாவது ஒரு படத்தின் இடத்தில் இரண்டு படம் என்பதால் 36 பட ரோலில் 72 படம். ஆனால் ஷட்டர் வேகத்தை நீங்கள் வைக்க முடியாது, அதுவே முடிவுசெய்யும். அதைக் கற்கத்தானே வந்தோம்?

டிஜிட்டலில் பத்து வருடப் பழைய கேமரா போதும். மெகாபிக்சலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சரி, பிலிம் எங்கே ஜெயிக்கிறது? கட்டுப்பாடு வரும் என்பார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அமெரிக்கத் தெருப்படக்காரர் கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது எடுத்துக் கழுவாமலே விட்டுப்போன ரோல்கள் சுமார் 2,500. கட்டுப்பாடு ஆளைப் பொறுத்தது. பிலிமின் உண்மையான பலம் கழுவுகிற மேஜையில் இருக்கிறது என்பேன். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே 20 டிகிரியில் கழுவலாம். கலருக்கு 38 டிகிரி, டெவலப்பரில் 3 நிமிடம் 15 நொடி. ஒரு டிகிரி நழுவினாலும் நிறம் மாறக்கூடும். பிலிம் கழுவும் டப்பாவைத் திறந்து, ஈரம் சொட்டும் சுருளை ஒரு முனையில் பிடித்துத் தூக்கி ஜன்னலுக்கு நேராகக் காட்டும்போது, கறுத்த வானத்தின் கீழே வெளுத்த மரங்கள் தெரியும். அந்த நிமிடத்துக்காக இன்னும் மாதம் ஒரு ரோல் எடுக்கிறேன். இந்த வேலை பிடிக்கும், ரசாயனத்தில் கை நனைக்க ஆசை என்பவர் முதல் நாளே பிலிமில் இறங்கலாம். ஐஎஸ்ஓ 400 கறுப்பு வெள்ளை ரோலும் நோட்டும் போதும். படம் எடுக்கக் கற்க வேண்டும், அவ்வளவுதான் என்பவருக்கு என் பதில் டிஜிட்டல். எல்லாவற்றையும் நீங்களே வைக்கும் மேனுவல் மோட், ஒரே லென்ஸ்.

டிஜிட்டலையே பிலிம் மாதிரி பயன்படுத்துங்கள், திரையை மூடிவிட்டு ஒரு நாளுக்கு 36 படம் மட்டும் எடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். ஐஎஸ்ஓ 400இல் நிறுத்தி, திரையை உள்பக்கமாகத் திருப்பி மூடினேன். எட்டு படம் வரை தாக்குப்பிடித்தேன். ஒன்பதாவதில் கை தானாகப் போய்த் திறந்துவிட்டது. படம் ஆடியிருந்தது. ஷட்டர் வேகத்தைக் கூட்டி இன்னொன்று எடுத்தேன்.