எம்.எஸ்சி. இயற்பியலா, பல்துறை எம்.எஸ்சி.யா?

இயற்பியலில் பி.எஸ்சி. முடித்து, உயிரியல் பக்கம் ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுபவர்களுக்கு இரண்டு வழி. உயிர் இயற்பியல், நானோ அறிவியல் போன்ற பல்துறைப் படிப்பில் நேரடியாகச் சேரலாம். இல்லையென்றால் எம்.எஸ்சி. இயற்பியலையே எடுத்து, விருப்பப் பாடத்தையும் புராஜெக்டையும் உயிரியலில் வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவதை எடுத்தேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

பாடத்திட்டத்தில் பல்துறைப் படிப்புக்குத்தான் வெற்றி. புரத அமைப்பும் புள்ளியியலும் ஒரே வகுப்பில் கிடைக்கின்றன. இயற்பியல் மாணவர் செல் உயிரியலைத் தானே தேடிப் படிக்க வேண்டும். கட்டணம், விடுதி எல்லாம் கல்லூரியைப் பொறுத்தது, விடுங்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது பட்டச் சான்றிதழில் இருக்கும் பாடப் பெயர். உதவிப் பேராசிரியர் பணிக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறை, சம்பந்தப்பட்ட அல்லது தொடர்புடைய பாடத்தில் முதுகலைப் பட்டம், 55 சதவீத மதிப்பெண்ணோடு கேட்கிறது. எது 'தொடர்புடைய' பாடம் என்று விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவர்தான் பார்க்கிறார். தமிழ்நாட்டு ஆசிரியர் தேர்வு வாரியமான டிஆர்பியின் முதுகலை ஆசிரியர் பணியிடங்களும் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்றுதான் பிரிந்து கிடக்கின்றன. புதுப் பெயர் கொண்ட பட்டத்துக்கு உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணை, அதாவது அது எம்.எஸ்சி. இயற்பியல் போன்ற பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் ஆணை, வேண்டும். அது இல்லையென்றால், நீங்கள் எத்தனை தாள் இயற்பியல் படித்திருந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். பல்துறைச் சிந்தனை வேண்டும் என்று மேடையில் பேசுகிற அதே அமைப்பு, கவுன்டரில் ஒற்றைப் பாடம்தான் கேட்கிறது!

ஒற்றைத் துறையில் இருந்தால் சிந்தனை குறுகிவிடும் என்பார்கள். ஆனால் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக வந்த ஜி.என்.ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் தோலிலும் தசைநாணிலும் இருக்கும் புரதமான கொலாஜனுக்கு மூவிழைச் சுருள் அமைப்பை முன்வைத்தார். மாதிரி வந்தது அருகிலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து: கங்காரு வால் தசைநாண். அதை எக்ஸ்ரே எடுத்து அலசும் பயிற்சி இயற்பியல் கொடுத்தது. எதிர்வாதமும் அவரிடமே இருக்கிறது. பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியலுக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கியவரும் அவர்தான்.

வெளிநாட்டில் பிஎச்டி, மருந்து நிறுவன வேலை என்று போகிறவர்களுக்குப் பாடப் பெயர் தடையாக இருப்பதில்லை என்று அங்கே இருக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போனதில்லை. அந்தத் திட்டம் உறுதியாக இருந்தால் பல்துறைப் படிப்பிலேயே சேரலாம். அரசுப் பணி ஒரு மூலையிலாவது மனத்தில் இருந்தால், கட்டணம் கட்டுமுன் அந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை உண்டா என்று துறை அலுவலகத்தில் கேட்டு, எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 'வந்துவிடும்' என்ற பதிலை நம்பிச் சேர வேண்டாம்.