மெட்ரோ ஈதர்நெட்: கொடுக்கும் பக்கமும் வாங்கும் பக்கமும் இருந்து பார்த்த அனுபவம்

மெட்ரோ ஈதர்நெட் என்பது ஒரு நகரத்துக்குள் இருக்கும் அலுவலகங்களை ஈதர்நெட் வழியாக இணைக்கும் சேவை. அதை முதலில் சேவை நிறுவனத்தில் வடிவமைத்துக் கொடுப்பவனாகப் பார்த்தேன். பிறகு, கிளை அலுவலகங்களை இணைக்க அதே சேவையை வாங்கிப் பயன்படுத்தும் பக்கத்துக்கு வந்துவிட்டேன். இரண்டும் சேர்த்துப் பல வருஷங்கள் ஆகின்றன. இன்றைக்கும் ஒரு நகரத்துக்குள் நாலைந்து அலுவலகங்களை இணைக்க வேண்டுமென்றால் இதைத்தான் கேட்பேன். வாடகை லைனாகக் கிடைத்த பழைய இ1 இணைப்பு வினாடிக்கு 2 மெகாபிட்டில் நின்றுவிடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் வேறு கார்டு, வேறு கேபிள், சில சமயம் வேறு கருவியே வேண்டும். ஈதர்நெட்டில் 20 மெகாபிட்டை 200 ஆக்குவது பெரும்பாலும் கான்ஃபிக்கில் (கருவியின் அமைப்புகளில்) சில வரிகளை மாற்றுவதோடு முடிந்துவிடும். ரூட்டரில் ஏற்கெனவே இருக்கும் போர்ட்டே போதும்.

விற்பவர்கள் இதை ‘இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே ஒரு நீளமான கேபிள்’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அந்தக் கேபிளுக்குள் வேகத்தை வெட்டும் போலீசர் இருக்கிறது. எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் என்று ஸ்விட்ச் குறித்துவைக்கும், நிரம்பிப் போகக்கூடிய மேக் (கருவி முகவரி) அட்டவணை இருக்கிறது. சில வகை ஃபிரேம்களை (ஈதர்நெட்டின் தகவல் பொட்டலங்களை) விழுங்கிவிடும் விதிகள் இருக்கின்றன. மற்ற வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். இவை எங்கே, என்ன அளவில் செயல்படுகின்றன என்று இரு தரப்பும் எழுதி வைத்துக்கொண்ட இணைப்புகளில் எனக்கு நடுராத்திரி போன் வந்தது அபூர்வம். நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பாலானவை யாரும் எழுதாமல் விட்ட இடங்களில் இருந்து வந்தவை.

2001-இல் தொடங்கிய எம்.இ.எஃப். அமைப்பு இந்தச் சேவைகளுக்கு ஒரு பொதுப் பெயர் வரிசை கொடுத்தது. இரண்டு முனைகளை மட்டும் இணைப்பது இ-லைன். பல முனைகளை ஒரே ஸ்விட்சில் செருகியதுபோல இணைப்பது இ-லேன். ஒரு வேர் முனையும் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடியாத பல இலை முனைகளும் இருப்பது இ-ட்ரீ. வாடிக்கையாளரும் சேவை நிறுவனமும் சந்திக்கும் போர்ட்டுக்கு யூ.என்.ஐ. என்று பெயர். கிளைகள் குறைவாக இருக்கும்வரை என் தேர்வு இ-லைன்தான். தலைமை அலுவலகத்தில் ஒரே ஃபைபர் போர்ட், அதில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு விலான் (ஒரே கம்பிக்குள் எண் போட்டுப் பிரித்த தனி நெட்வொர்க்). ஒரு கிளையில் கோளாறு என்றால் அந்த ஒரு விலானைப் பார்த்தால் போதும், மற்றவை பாதிக்கப்படுவதில்லை.

இ-லேன் கவர்ச்சியானது. எந்தக் கிளையும் எந்தக் கிளையோடும் நேராகப் பேசும், கான்ஃபிக்கும் குறைவு. ஆனால் முனைகளில் ரூட்டர் வைக்காமல் வெறும் ஸ்விட்ச் வைத்தால் எல்லாக் கிளைகளும் ஒரே பிராட்காஸ்ட் வட்டத்துக்குள், அதாவது எல்லோருக்கும் என்று ஒருவர் அனுப்புவது எல்லாக் கிளைக்கும் போகும் வட்டத்துக்குள், வந்துவிடும். நிறுவனத்தில் இருந்த காலத்தில் இப்படி இணைத்திருந்த ஒரு வாடிக்கையாளரிடம், ஒரு கிளையில் யாரோ பேட்ச் கேபிளின் இரண்டு நுனியையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டார்கள். ஃபிரேம்கள் முடிவில்லாமல் சுற்றும் அந்த லூப் சில வினாடிகளில் மற்ற எல்லாக் கிளைகளையும் முடக்கியது. பிராட்காஸ்ட் வெள்ளத்துக்கு வரம்பு போடும் ஸ்டார்ம் கண்ட்ரோல் போட்டிருந்ததால் பாதிப்பு எங்கள் மையத்துக்கு வரவில்லை. வாடிக்கையாளரின் கிளைகளை அது காப்பாற்றவில்லை, காப்பாற்றவும் முடியாது. ரூட்டர் வைத்திருந்தால் ஒவ்வொரு கிளையில் இருந்தும் ஒரே ஒரு மேக் முகவரிதான் வெளியே தெரியும், லூப்பும் அந்தக் கட்டிடத்தோடு நின்றிருக்கும்.

இதையொட்டி எல்லோரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: லூப்பைக் கண்டுபிடித்து அடைக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையில் ஸ்விட்சுகள் பரிமாறும் பி.பி.டி.யூ. ஃபிரேம்களை நிறுவனம் என்ன செய்கிறது? அப்படியே மறுமுனைக்குக் கடத்தலாம், தூக்கிப் போடலாம், அல்லது நிறுவனத்தின் ஸ்விட்சே அதற்குப் பதில் பேசலாம். ஒரே கட்டிடத்தில் இருந்து ஒரே இ-லேனுக்கு இரண்டு இணைப்பு எடுத்து, நடுவில் பி.பி.டி.யூ. தூக்கிப் போடப்பட்டால், வாடிக்கையாளரின் ஸ்விட்சுகளுக்கு அந்த லூப் கண்ணிலேயே படாது.

சரி, ஒரே தடவையில் எவ்வளவு பெரிய பாக்கெட் போகலாம் என்ற எம்.டி.யூ. விஷயத்துக்கு வருகிறேன். விலான் எண்ணுக்கு 12 பிட்தான் இடம். அதனால் பயன்படுத்தக் கூடியவை 4094. ஊர் முழுக்க வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது பத்தாது, வாடிக்கையாளரின் எண்களோடு மோதவும் செய்யும். 2005-இல் வந்த 802.1ஏடி தரம், வாடிக்கையாளரின் டேக்கின் (ஃபிரேமில் விலான் எண்ணைச் சுமக்கும் குறிப்பின்) மேல் நிறுவனத்தின் டேக் ஒன்றைப் போர்த்தியது. கியூ-இன்-கியூ என்று களத்தில் சொல்வது இதைத்தான். 2008-இல் வந்த 802.1ஏஹெச், முழு மேக் தலைப்பையே போர்த்தி 24 பிட் சேவை எண்ணைக் கொடுத்தது. அதாவது 1.6 கோடிக்கும் மேல். இப்படிப் போர்த்தப் போர்த்த ஃபிரேம் நீள்கிறது. சாதாரண ஃபிரேம் 1518 பைட், ஒரு டேக்குடன் 1522, இரண்டு டேக்குடன் 1526. வாடிக்கையாளர் மேக்செக் குறியாக்கம் சேர்த்தால் இன்னும் 32 பைட் வரை கூடும்.

நடுவில் ஏதோ ஒரு ஸ்விட்ச் 1522-இல் நின்றுகொண்டிருந்தால் வரும் அறிகுறி விசித்திரமாக இருக்கும். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், லாகின் திரை வரும், பெரிய ஃபைல் மட்டும் பாதியில் உறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் பழி சர்வர் மேல்தான் விழும். புது இணைப்பு வந்ததும் நான் செய்யும் முதல் வேலை, 1472 பைட் பேலோடுடன், துண்டாக்காதே என்ற குறியோடு பிங் அடிப்பது. அது போனால், தலைப்புகளும் சேர்ந்து 1500 பைட் ஐ.பி. பாக்கெட் முழுசாகப் போகிறது என்று அர்த்தம். ஒப்பந்தத்தில் 1600 பைட்டுக்குக் குறையாத எம்.டி.யூ. கேளுங்கள். 9000 தர முடியுமென்றால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதிகம் வேலை வைத்தது போலீசர்தான். 100 மெகாபிட் வாங்குகிறோம், போர்ட் 1 கிகாபிட்டில் இருக்கிறது. சராசரியாக 60 மெகாபிட்தான் ஓடுகிறது என்று வரைபடம் காட்டுகிறது, ஆனாலும் ஃபைல் பரிமாற்றம் 20, 30 மெகாபிட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. காரணம் இதுதான். நிறுவனம் உறுதி தரும் வேகம் சி.ஐ.ஆர்.; ஒரே மூச்சில் எவ்வளவு உள்ளே விடும் என்பது சி.பி.எஸ். இந்த இரண்டாவது எண்ணை விலைப்பட்டியலில் யாரும் போடுவதில்லை. போலீசர் ஒரு டோக்கன் வாளி; ஃபிரேம் உள்ளே போக வாளியில் டோக்கன் இருக்க வேண்டும். 100 மெகாபிட் வேகத்தில் நிரம்புகிறது. சர்வர் அனுப்பும் ஃபிரேம்களோ 1 கிகாபிட் வேகத்தில் கொத்துக் கொத்தாக வருகின்றன. வாளி 100 கிலோபைட் பிடிக்கும் என்றால் அது ஒரு மில்லி வினாடிக்குள் காலி. அதன்பிறகு வரும் ஃபிரேம்கள் காத்திருக்காது, கீழே விழும். ஃபைலை அனுப்பும் டி.சி.பி. நெறிமுறை அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைச் சட்டென்று குறைக்கும், மெல்ல ஏறும், மறுபடி விழும். ஐந்து நிமிட சராசரி வரைபடத்தில் இது எதுவும் தெரியாது.

மருந்து வாடிக்கையாளர் கையில் இருக்கிறது. ரூட்டரில் வெளியே போகும் போக்குவரத்தை ஷேப்பர் வைத்துச் சீராக்க வேண்டும். போலீசர் கீழே போடுவதை ஷேப்பர் வரிசையில் நிறுத்திப் பிறகு அனுப்பும். குரல் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமையும் அங்கேதான் கொடுக்க முடியும். ஷேப்பரை வாங்கிய வேகத்தில் 95 சதவீதத்தில் வைப்பது என் வழக்கம். சில ரூட்டர்கள் ஃபிரேமின் கடைசி 4 பைட் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கில் எடுப்பதில்லை, போலீசர் எடுக்கும். சில போலீசர்கள் கம்பியில் ஃபிரேம்களுக்கு நடுவே போகும் 20 பைட்டையும் எண்ணும். பெரிய பாக்கெட்டில் இது ஒன்றுமில்லை. 64 பைட் ஃபிரேம் 84 ஆக எண்ணப்பட்டால் வாங்கிய வேகத்தில் கால்வாசி காணாமல் போகும். ஷேப்பர் வைக்கும் இந்த ஒரே மாற்றத்தால் ‘இணைப்பு சரியில்லை’ என்று மாதக்கணக்கில் இழுத்த புகார்கள் தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இணைப்பை வாங்கும்போது செய்யும் சோதனையிலும் கவனம் வேண்டும். இன்னமும் பலர் ஆர்.எஃப்.சி. 2544 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தின் முறையில் எடுத்த அறிக்கையைக் கையில் கொடுக்கிறார்கள். அது ஆய்வகத்தில் ஒரு கருவியை அளக்க எழுதப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2012-இல் ஆர்.எஃப்.சி. 6815 தனியாகவே வந்துவிட்டது. ஒய்.1564 சோதனையைக் கேளுங்கள். எல்லாச் சேவைகளையும் ஒரே நேரத்தில் ஓட்டி இழப்பு, தாமதம், தாமத மாறுபாடு மூன்றையும் அளக்கும்.

அப்புறம், கோளாறு தெரியவரும் விதம். இ1 போன்ற பழைய லீஸ்டு லைனில் (வாடகை லைனில்) மறுமுனை அறுந்தால் இந்த முனையிலும் பெரும்பாலும் விளக்கு அணையும். இங்கே உங்கள் போர்ட் பேசிக்கொண்டிருப்பது பக்கத்தில் இருக்கும் நிறுவனத்தின் ஸ்விட்சோடு. நகரத்தின் மறுகோடியில் ஃபைபர் வெட்டுப்பட்டாலும் இங்கே பச்சை விளக்கு எரியும், ரூட்டர் பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி கேட்டுப் பார்க்கும் பி.எஃப்.டி.யை ரூட்டர்களுக்கு நடுவே வைப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். அது காத்திருக்கும் நேரத்தை மட்டும் ரொம்பக் குறைக்க வேண்டாம். நிறுவனத்தின் ஃபைபர் வளையம் ஜி.8032 என்ற பாதுகாப்பு முறையில் இருந்தால், ஓரிடத்தில் அறுந்தாலும் 50 மில்லி வினாடிக்குள் மறுபக்கத்துக்கு மாறிக்கொள்ளும். பழைய ஸ்பானிங் ட்ரீ வளையமாக இருந்தால் வினாடிகள் ஆகலாம். இது தெரியாமல் பி.எஃப்.டி.யை இறுக்கினால் வளையம் மாறும் ஒவ்வொரு முறையும் ரூட்டிங் முழுக்கக் கலைந்து சேரும். நிறுவனப் பக்கத்தில் 802.1ஏஜி, ஒய்.1731 கண்காணிப்பு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். அது இல்லாத இடத்தில், எந்தத் துண்டில் கோளாறு என்று கண்டுபிடிக்க ஆள் நேரில் போக வேண்டியிருக்கும்.

இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினால் பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள் ஃபைபர் போகும் பாதையின் வரைபடத்தை வாங்கிப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே குழாயில் போவது சாதாரணம்.

பாதுகாப்பில் நிறுவனத்தின் வேலை யூ.என்.ஐ. போர்ட்டிலேயே தொடங்குகிறது. அந்தப் போர்ட்டில் வரும் எதையும் நம்பக் கூடாது. ஒரு போர்ட் எத்தனை மேக் முகவரி கற்றுக்கொள்ளலாம் என்று உச்சவரம்பு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாடிக்கையாளரின் கெட்டுப்போன கருவியோ வேண்டுமென்றே செய்பவரோ போலி முகவரிகளால் அட்டவணையை நிரப்பலாம். நிரம்பியபின் ஸ்விட்ச் புது முகவரிக்கான ஃபிரேம்களை அந்தச் சேவையின் எல்லா முனைகளுக்கும் கொட்டும். பல விலான்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் நேட்டிவ் (இயல்பு) விலான் டேக் இல்லாமல் போனால், இரட்டை டேக் போட்டு அடுத்த விலானுக்குள் ஃபிரேமைத் தள்ளும் பழைய தந்திரம் பலிக்கும். அதையும் டேக்குடனே அனுப்புவதுதான் வழி. தானாக டிரங்க் ஆகும் வசதியை அணைத்துவிட வேண்டும். நிர்வாகப் போக்குவரத்து வாடிக்கையாளர் தொட முடியாத தனி விலானில் இருக்க வேண்டும்.

ஒரே கட்டிடத்தில் பல வாடிக்கையாளர்களுக்குச் சேவை கொடுக்கும் ஸ்விட்ச் பெரும்பாலும் அடித்தளத்தில், யாரும் தொடக்கூடிய பெட்டிக்குள் இருக்கும். எவ்வளவு நேர்த்தியாக வடிவமைத்தாலும் திறந்த பெட்டியும் கடவுச்சொல் இல்லாத கன்சோல் போர்ட்டும் அதை வீணாக்கிவிடும். பயன்படாத போர்ட்டுகளை மூடி வையுங்கள். வீடுகளுக்குச் சேவை தரும் போர்ட்டுகள் ஒன்றோடொன்று பேச முடியாதபடி பிரித்து, போலி முகவரி வேலைகளைத் தடுக்க டி.ஹெச்.சி.பி. ஸ்னூப்பிங்கும் ஏ.ஆர்.பி. சரிபார்ப்பும் போட வேண்டும்.

வாங்குபவர்களுக்கு ஒன்று: விலான் பிரிப்பது உங்கள் போக்குவரத்தை மற்றவர்களிடமிருந்து ஒதுக்கி வைக்கும். அதற்கு மேல் எந்த ரகசியமும் அதில் இல்லை. நடுவில் இருக்கும் ஸ்விட்சில் கை வைக்கக் கூடியவர் எல்லாவற்றையும் படிக்கலாம். 2006-இல் தரமாக ஏற்கப்பட்ட மேக்செக் இதற்கென்றே வந்தது. வன்பொருளில் முழு வேகத்தில் குறியாக்கம் செய்கிறது. ஐ.பி. பாக்கெட் அளவில் குறியாக்கும் ஐ.பி.செக்கை விட எனக்கு இது பிடிக்கும், தாமதமும் கூடுதல் பைட்டும் குறைவு. ஆனால் நிறுவனத்தின் நெட்வொர்க் வழியாக ஓட்டும்போது சில இடங்களில் முட்டும். சாவியைப் பேசி முடிவு செய்யும் ஃபிரேம்கள் ஒதுக்கப்பட்ட மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகின்றன. அவற்றை நிறுவனத்தின் முதல் ஸ்விட்சே விழுங்கிவிடும், இணைப்பு எழவே எழாது. ரூட்டரில் அந்த முகவரியை மாற்றும் வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். விலான் டேக்கும் குறியாக்கத்துக்குள் போய்விட்டால் எந்தக் கிளைக்கு என்று நிறுவனத்துக்குத் தெரியாது. டேக்கை வெளியே வைக்கும் அமைப்பு வேண்டும். முன்னுரிமை வரிசைகளால் நடுவழியில் ஃபிரேம்கள் முன்பின்னாகும், பழைய ஃபிரேமை மறுபடி அனுப்பி ஏமாற்றுவதைப் பிடிக்கும் மறுஅனுப்பல் தடுப்பு அவற்றைத் தாக்குதல் என்று தள்ளிவிடும். அதன் சாளரத்தை (எவ்வளவு முன்பின்னாக வந்தால் ஏற்கும் என்ற அளவை) கொஞ்சம் அகலமாக வையுங்கள்.

இன்னொன்று, மேக்செக் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் போடும் பாக்கெட் எண். பழைய மேக்செக்கில் அது 32 பிட். 10 கிகாபிட்டில் மிகச் சிறிய ஃபிரேம்களாகவே ஓடினால் வினாடிக்கு சுமார் 1.49 கோடி ஃபிரேம். ஐந்து நிமிடத்துக்குள் எண்கள் தீர்ந்து புது சாவி வேண்டியிருக்கும். 100 கிகாபிட்டில் அரை நிமிடம் கூடத் தாங்காது. 2013-இல் வந்த 64 பிட் நீட்டிப்பு உள்ள கருவியாகப் பார்த்து வாங்குவது நல்லது.

நிறுவனங்கள் இப்போது இ-லேன் போன்ற சேவைகளை உள்ளே நடத்தும் பழைய முறையான வி.பி.எல்.எஸ்.ஸில் இருந்து புதிய முறையான இ.வி.பி.என்.னுக்கு மாறி வருகின்றன. அதன் அடிப்படைத் தரம் ஆர்.எஃப்.சி. 7432, 2015-இல் வந்தது. மேக் முகவரிகளை பி.ஜி.பி. என்ற ரூட்டிங் நெறிமுறை வழியாகப் பரிமாறிக்கொள்வதால் தெரியாத முகவரிக்கு எங்கும் கொட்டுவது குறைகிறது. ஒரு அலுவலகத்தின் இரண்டு இணைப்புகளும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எங்கள் கிளைகளில் ஒரு பகுதி இதற்கு மாறிய பிறகு, வெறுமனே காத்திருந்த இரண்டாவது இணைப்பின் காசுக்கும் வேலை கிடைத்தது.

இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்குத் தீராத குறை, போலீசர் எத்தனை ஃபிரேமைக் கீழே போட்டது என்ற எண்ணை வாடிக்கையாளர் பார்க்க முடியாததுதான். அந்தக் கவுண்டர் நிறுவனத்தின் ஸ்விட்சில் இருக்கிறது, கேட்டால் புகார் டிக்கெட் போடச் சொல்கிறார்கள். ஒரே ஒரு நிறுவனம் மட்டும் போலீசர் இழப்பு, கற்றுக்கொண்ட மேக் எண்ணிக்கை, ஒய்.1731 தாமதம் மூன்றையும் வாடிக்கையாளர் போர்ட்டலில் காட்டுகிறது. அவர்களோடு நடந்த வாக்குவாதங்கள் பத்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மற்றவர்களிடமும் இதையே கேட்டு எழுதி வாங்கப் பார்க்கிறேன்.