குதிரைக்குக் காயடித்தல்: நிற்க வைத்தா, படுக்க வைத்தா?

திருநெல்வேலிப் பக்கம் வண்டிப் பந்தயத்துக்குக் குதிரை வளர்ப்போர், காயடிக்க (விதைகளை அகற்ற) முழு மயக்கம் கொடுத்துப் படுக்க வைப்பதா, நின்றபடியே செய்வதா என்று தயங்குவதுண்டு.

மருந்து: நின்றபடி என்றால் சைலசின் ஊசியில் குதிரை தலை தொங்கிச் சொக்கி நிற்கும், லிக்னோகெயின் அவ்விடத்தை மரத்துப்போகச் செய்யும். முழு மயக்கத்துக்குச் சைலசினை அடுத்துக் கெட்டமின் என்ற மயக்க மருந்து. சுமார் 15 நிமிடம் அசையாது.

ஆபத்து: முழு மயக்கத்தில் நூற்றுக்கு ஒரு குதிரை இறக்கிறது என்பது உலகக் கணக்கு. 400 கிலோ உடல் தன் எடையாலேயே நுரையீரலையும் கீழ்ப்பக்கத் தசைகளையும் நெருக்குவதால் ரத்த ஓட்டம் குறைகிறது. எல்லாவற்றையும்விட எழும் நேரமே மோசமானது, ஏனெனில் வேட்டையாடப்பட்டே பழகிய இவ்வினம் தெளியுமுன் எழத் துடித்துக் காலை முறித்துக்கொள்ளக்கூடும். நின்றபடி செய்தால் இக்கவலை இல்லை. உதைபடும் கவலை மருத்துவருக்கு மட்டுமே (அதை அவர் வெளியே சொல்லமாட்டார்).

செலவு: நின்றபடி குறைவு.

இடம்: படுக்க வைக்க மெத்தென்ற புல்தரை வேண்டும், சிமெண்டுத் தளம் ஆகவே ஆகாது.

சாதுவான, இரு விதையும் வயிற்றிலிருந்து பைக்குள் இறங்கிய குதிரைக்கு நின்றபடியே போதும். மிரளும் குதிரைக்கும், மட்டக்குதிரைக்கும், விதை இறங்காததற்கும் முழு மயக்கமே ஏற்றது. அவற்றை முதலில் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.