போன்ஜே: எலும்பின் உள்கட்டமைப்பை அளக்கும் இலவசக் கருவி

எலும்புக்குள் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கிற பகுதியை மைக்ரோ சிடி (மிக நுண்ணிய முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்) படத்தில் அளக்க, காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாதவர்கள் தயங்காமல் போன்ஜேவை எடுக்கலாம். இது ஃபிஜி என்ற இலவசப் பட ஆய்வு மென்பொருளில் சேரும் துணைக் கருவி. ஃபிஜியின் ஹெல்ப் மெனுவில் அப்டேட் போய், சைட் பட்டியலில் போன்ஜேவை டிக் செய்து, மூடித் திறந்தால் வேலை முடிந்தது. மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. எந்த எண் எப்படி வருகிறது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு நம்பகமானது. கெடுவதெல்லாம் அதற்குக் கொடுக்கும் படத்தில்தான். எலும்பு 255, மற்றதெல்லாம் 0 என்ற 8 பிட் படம் வேண்டும். லட் (எந்த எண்ணை எந்த நிறத்தில் காட்டுவது என்ற பட்டியல்) தலைகீழாக இருந்தால் திரையில் வெள்ளையாகத் தெரிவது உண்மையில் 0. எலும்பும் மஜ்ஜையும் இடம் மாறி, 20 சதவீதம் வரவேண்டிய எலும்புப் பங்கு 80 என்று வந்து நிற்கும். ஓட்டும் முன் எலும்பின் மேல் மவுஸை வைத்து, ஸ்டேட்டஸ் வரியில் 255 காட்டுகிறதா என்று பாருங்கள். அப்படியே இமேஜ் மெனுவின் பிராப்பர்ட்டீஸில் வாக்செல் (முப்பரிமாணப் படத்தின் ஒரு புள்ளி) அளவையும் சரிபாருங்கள். டிஃப் கோப்பாக மாற்றும்போது அது தொலைந்து போவது வழக்கம். தொலைந்தால் தடிமன் மைக்ரானில் வராது, பிக்சலில் வரும்.

தடிமன் அளவுதான் இதன் பலம். ஒவ்வொரு புள்ளிக்கும், அதை உள்ளடக்கி எலும்புக்குள் அடங்கும் மிகப் பெரிய கோளத்தின் விட்டத்தை எடுக்கிறது. கூடவே வரும் வண்ணப் படத்தைக் கட்டாயம் பாருங்கள்: நடுவில் திடீரென்று ஒரு தடித்த திட்டு தெரிந்தால், த்ரெஷோல்டு (எலும்பு எது என்று பிரிக்கும் எல்லை எண்) தாழ்ந்து இரண்டு சட்டங்கள் (ஸ்பாஞ்ச் பகுதியின் மெல்லிய எலும்புக் கம்பிகள்) ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம். சுண்டெலியின் சட்டம் சுமார் 30 முதல் 50 மைக்ரான்தான். 20 மைக்ரான் வாக்செலில் குறுக்கே இரண்டே புள்ளி விழும், அந்த எண்ணை நம்ப முடியாது. மருத்துவமனையின் சாதாரண சிடியில் பிக்சலே சில நூறு மைக்ரான். மனிதனின் 100 முதல் 200 மைக்ரான் சட்டத்தை அதில் அளக்கவே கூடாது.

கனெக்டிவிட்டிக்கு (சட்டங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இணைந்திருக்கின்றன என்ற அளவு) முன் ப்யூரிஃபை (தனித் துண்டுகளை நீக்கும் கட்டளை) ஓட்டியே ஆக வேண்டும். தனியாகக் கிடக்கும் ஒவ்வொரு தூசுப் புள்ளியும் விடையில் ஒன்றைக் குறைக்கும். 60 புள்ளி இருந்தால் 60 குறையும். மைனஸில் விடை வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அனைசோட்ராபி (சட்டங்கள் எவ்வளவு ஒரே திசையில் அமைந்திருக்கின்றன என்ற அளவு) 0 முதல் 1 வரை வரும். வேறு சில மென்பொருள்கள் 1-இல் தொடங்கி மேலே போகும் விகிதமாகத் தருகின்றன. இரண்டையும் ஒரே அட்டவணையில் சேர்த்துவிடாதீர்கள்.

ரேம் தாராளமாக வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 1024 புள்ளி கொண்ட 8 பிட் கனசதுரப் படம் 1 ஜிபி. அதன் தடிமன் வரைபடம் 32 பிட் என்பதால் அது மட்டுமே 4 ஜிபி.