வியட்நாம் மலைநாடு: நடையா, பைக்கா, சைக்கிளா?

வடக்கு வியட்நாம் மலைகளுக்குக் கிளம்புகிறவர்கள் ஊரை முதலில் முடிவு செய்துவிட்டு, எதில் சுற்றுவது என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு பகுதியின் நிலமும் ஒவ்வொரு விதமான பயணத்துக்குத்தான் ஒத்துவரும்.

ஹா ஜியாங் மலைப்பகுதி என்றால் பைக்தான். சுற்றுப்பாதை ஏறக்குறைய 350 கிலோமீட்டர். மூன்று நான்கு நாளாவது வேண்டும். இதன் உயிர்நாடியான மலைச்சாலையை 1959 முதல் 1965 வரை பல இனங்களைச் சேர்ந்த இளைஞர்கள் கையால் வெட்டிப் போட்டார்கள். மா பி லெங் கணவாயில் கயிற்றில் தொங்கிக்கொண்டே பாறையைக் குடைந்திருக்கிறார்கள். அந்த வளைவில் நின்று, அதலபாதாளத்தில் பச்சையாக ஓடும் நோ குவே ஆற்றைப் பார்க்கும்போது அவர்களை நினைக்காமல் இருக்க முடியாது.

ஆனால் நீங்களே ஓட்டாதீர்கள். வியட்நாமில் 1968 வியன்னா ஒப்பந்தப்படி வழங்கிய பன்னாட்டு ஓட்டுநர் உரிமம்தான் செல்லும். இந்தியாவில் தருவது 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படியானது. செல்லாத உரிமத்தோடு விழுந்தால் காப்பீடும் கைகொடுக்காது. அதோடு அங்கே வலப்பக்கப் போக்குவரத்து. இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கை, கொண்டை ஊசி வளைவில் தடுமாறும். உள்ளூர்க்காரர் ஓட்ட, நீங்கள் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு எல்லா இடத்திலும் கிடைக்கிறது. காசு கூடத்தான் ஆகும்; கொடுக்கலாம். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க முடிந்தால்தான், வழியில் வரும் டோங் வான் பீடபூமியில் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் பிடி மண்ணைப் போட்டு மக்காச்சோளம் வளர்த்திருப்பது கண்ணில் படும்.

சாபா நடைக்கான இடம். நகரத்தில் ஓட்டல் கூட்டம்தான். சட்டென்று கீழே இறங்கிவிடுங்கள். முவாங் ஹோவா பள்ளத்தாக்கில் லாவோ சாய் வழியாகத் தா வான் வரை ஒரு பகலில் நிதானமாக நடக்கலாம். வழிகாட்ட ஹ்மாங் என்ற மலையினப் பெண்கள் வருவார்கள். அவுரிச் சாயத்தில் துணி தோய்த்துத் தோய்த்து அவர்கள் விரல்களெல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். பைக்கில் போகிறவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. மழை பெய்தால் களிமண் வரப்பு வழுக்கும். ரப்பர் பூட்ஸ் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மே, ஜூனில் படிவயல்களில் தண்ணீர் கட்டியிருக்கும். செப்டம்பரில் கதிர் முற்றிப் பொன்னிறமாகிவிடும்.

சைக்கிளுக்கு மாய் சௌ. ஹனோயிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். சுற்றிலும் மலை இருந்தாலும் பள்ளத்தாக்கு சமதரை. குழந்தைகளோடு போகிறவர்களும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். ‘தாய்’ (Thai) என்ற இன மக்கள் தூண்கள்மேல் கட்டிய வீடுகளில் தங்கலாம். லாக் கிராமத்தில் கூட்டம் அதிகம், அதைத் தாண்டி வயல் பாதைகளுக்குப் போய்விடுங்கள். ஹா ஜியாங் ஏற்றங்களில் சைக்கிள் என்பது நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும்.

மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் நடையைச் சொல்வேன். நாள் இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு: டோங் வான் வரை பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய், அங்கே கூடுதலாக ஒருநாள் தங்கி மா பி லெங் பாறையை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் நடப்பது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மட்டும் இந்தத் திட்டம் வேண்டாம். கனமழையில் மண் சரிந்து சாலை அடைபடும் காலம் அது.