கத்திய வேரா, கத்தாத வேரா? ‘டெலிசியஸ் இன் டஞ்சன்’ முதல் மூன்று தொகுதிகள்

அக்கா மகளுக்குப் பதினோரு வயது. டிராகன் என்றால் உயிரை விடுவாள். சமையலறைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கமாட்டாள். இரண்டையும் ஒரே புத்தகத்தில் கட்டிக் கொடுத்தால் என்ன ஆகும் பார்க்கலாம் என்றுதான் ரியோகோ குய் எழுதி வரைந்த ‘டெலிசியஸ் இன் டஞ்சன்’ முதல் தொகுதியை வாங்கினேன். ஜப்பானில் இதன் பெயர் ‘டஞ்சன் மெஷி’. டஞ்சன் என்றால் விசித்திர விலங்குகள் திரியும் பாதாளம், மெஷி என்றால் சாப்பாடு. 2014 முதல் 2023 வரை ‘ஹார்தா’ இதழில் தொடராக வந்து, 97 அத்தியாயங்கள், 14 தொகுதிகள் என்று முடிந்துவிட்ட கதை. முடிந்துவிட்டது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. பாதியில் தொங்கும் தொடர்களால் நான் பட்டது போதும்.

ஜப்பானியக் காமிக்ஸ் என்பதால் ஆங்கிலப் பதிப்பையும் வலமிருந்து இடமாகத்தான் படிக்கவேண்டும். அவள் வழக்கம்போல இடப்பக்கம் திறந்துவிட்டு, “சித்தி, ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சு” என்றாள். பத்துப் பக்கத்தில் கண் பழகிவிட்டது. அவளுக்கு. எனக்குப் பழக ஒரு தொகுதி முழுக்க ஆனது.

கதை எளிமையானதுதான். லையோஸ் என்ற வீரனின் தங்கை ஃபாலினை ஒரு சிவப்பு டிராகன் விழுங்கிவிடுகிறது. விழுங்கப்படும் முன் அவள் மந்திரம் போட்டு மற்றவர்களை வெளியே அனுப்பிவிடுகிறாள். டிராகனுக்குச் செரிமானம் மெதுவாக நடக்கும், அதனால் சீக்கிரம் போனால் தங்கையைக் காப்பாற்றலாம். ஆனால் கையில் காசில்லை, மூட்டைமுடிச்சு எல்லாம் உள்ளேயே போய்விட்டது, குழுவில் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். சாப்பாட்டுக்கு என்ன வழி? பாதாளத்தில் திரியும் விலங்குகளையே அடித்துச் சாப்பிட்டுக்கொண்டு போவது. லையோஸுக்கு இதில் உள்ளூர ஆசை வேறு. எல்ஃப் இனத்து மந்திரக்காரி மார்சில் முகம் சுளிக்கிறாள். பூட்டுத் திறக்கும் சில்சக் பார்க்கச் சின்னப் பையன் மாதிரி இருப்பான், ஆனால் வளர்ந்த ஆள், கூட்டத்திலேயே நிதானமானவனும் அவன்தான்.

அப்புறம் வருகிறார் சென்ஷி. தாடிக்காரக் குள்ளர். பத்து வருடத்துக்கு மேலாக அந்தப் பாதாளத்திலேயே சமைத்துச் சாப்பிட்டு வாழ்கிறவர். ராட்சதத் தேளையும் நடக்கும் காளானையும் இவர்கள் கண்டபடி சமைக்கப் பார்க்க, இவர் குறுக்கே வந்து நிறுத்துகிறார். தேளின் தலை, முன்பக்க இடுக்கிகள், கால், வால் எல்லாம் எடுக்கவேண்டும். வால் வயிற்றைக் கெடுக்கும். உடம்பில் கீறல் போட்டால்தான் சூடும் ருசியும் உள்ளே இறங்கும். தினமும் அடுப்படியில் நிற்கிற எனக்கு அந்த இடத்திலேயே புத்தகத்தின்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. இல்லாத விலங்குக்கு நிஜமான சமையல் புத்தி. மந்திரக்கோலைச் சுழற்றினால் விருந்து வந்து விழும் கதைகள் எனக்குப் பிடிக்காது. அதில் பசியே இருக்காது.

நாங்கள் திரும்பத் திரும்பப் படித்தது நாலாவது அத்தியாயம். மாண்ட்ரேக் என்று மனித உருவில் ஒரு வேர். பிடுங்கும்போது அது போடும் அலறலைக் கேட்டால் ஆளே காலி. சென்ஷி அது வாயைத் திறக்கும் முன்பே தலையைச் சீவிவிடுவார். சட்டென்று முடிந்துவிடும் வேலை. மார்சிலுக்கோ தான் படித்த படிப்பைக் காட்டியாகவேண்டும். நாயைக் கயிற்றால் கட்டி இழுக்கவைக்கவேண்டும் என்று அவள் புத்தகத்தில் இருக்கிறது. நாய்க்கு எங்கே போவது? ராட்சத வௌவாலைப் பிடித்துக் கட்டுகிறாள். நடக்கும் கூத்தைச் சொல்லமாட்டேன், படங்களில் பார்க்கவேண்டும். கடைசியில் இரண்டு வகை வேரையும் போட்டு ஆம்லெட் செய்கிறார்கள். கத்தவிட்டுப் பிடுங்கியதில் கசப்பு குறைந்து ருசி நன்றாக இருக்கிறது! சென்ஷி தின்றுபார்த்துவிட்டு அதை மறைக்காமல் ஒத்துக்கொள்கிறார். அத்தனை வருட அனுபவசாலி, ஒரு கற்றுக்குட்டியின் சுற்றுவழிக்கும் பலன் உண்டு என்று சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு ஒத்துக்கொள்ளும் அந்தக் கட்டத்தில் வசனம் கொஞ்சம்தான், மார்சிலின் முகத்தைப் பார்த்தால் போதும்.

மறுநாள் நான் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல்: “சித்தி, இது கத்தினதா, கத்தாததா?”

அடுத்த அத்தியாயத்தில் கொதிக்கும் எண்ணெயைப் பீச்சும் பொறியிலிருந்தே எண்ணெய் எடுத்து வறுக்கிறார்கள். அதில் தலைமை சில்சக்குக்கு. பொறியைத் தொடாதே என்று அவன் சென்ஷியை அதட்டுவதும், எதைத் தொடக்கூடாது என்று அவர் கற்றுக்கொள்வதும் நல்ல வேடிக்கை. தொகுதியின் முடிவில் வரும் உயிருள்ள கவசம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. உள்ளே ஒளிந்திருப்பது சிப்பி மாதிரிப் பிராணிகள் என்ற யோசனை பிரமாதம், ஆனால் சண்டை நீளம். அக்கா மகளுக்கு அதுதான் உச்சம்.

குறை என்றால், எழுத்து நிறைய. பொடி எழுத்தில் விளக்கம், பாதாளத்தின் சட்டதிட்டங்கள், பொருள் பட்டியல். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நல்லது. உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளை. வண்ணம் எதிர்பார்க்கும் சின்னக் குழந்தைகள் மூடிவைத்துவிடுவார்கள்.

இன்னொன்று முக்கியம். இது குழந்தைகளுக்கென்றே எழுதிய கதை இல்லை. முதல் மூன்று தொகுதிகள் பத்து, பதினோரு வயதுக்குத் தாங்கும் என்பது என் கணக்கு. நாலாவதில் டிராகனோடு மோதும்போது லையோஸின் கால் படும் பாடு நிஜமாகவே கோரம், அதற்குப் பிறகு வரும் மந்திரம் இன்னும் இருட்டு. எனக்கு அந்தத் திருப்பம் பிடித்திருந்தது. தங்கை வயிற்றுக்குள் இருக்கும்போது தேளைச் சுவைத்துக்கொண்டு போனவர்கள் அதற்கான விலையைக் கொடுக்கத்தானே வேண்டும். ஆனால் அதை ராத்திரி பத்து மணிக்கு அவளுக்கு வாசித்துக்காட்ட நான் தயாரில்லை. 2024இல் டிரிகர் நிறுவனம் இதே கதையை எடுத்த அனிமேவை, அதாவது கார்ட்டூன் தொடரை, முதலில் காட்டலாமா என்று அக்கா கேட்டாள். வேண்டாம் என்றேன், டிராகன் சண்டை அதிலும் வருகிறது.

இப்போதைக்கு முதல் மூன்றும் அவள் அறையில். நாலாவது என் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. ஸ்டூல் போட்டால் எட்டிவிடும் உயரம்தான்.